அரைவேக்காடு

கண்ணாடித் தட்டு கோகியுடையது.
அடியில் சிவப்பு நகப்பூச்சால் மூன்று புள்ளி,
கல்யாண வீடுகளில் பாத்திரம் மாறிவிடாமலிருக்க.
மார்ச்சில் சோஜியோடு என் வீட்டுக்கு வந்தது.
ஏப்ரலில் நாங்கள் பேச்சை நிறுத்தினோம்.
இன்று புரட்டாசி இரண்டாம் சனி.

சண்டை பெரிதில்லை.
சாட்ஸ்வொர்த்தில், கிராஃப்ட்டீன் மேட்டில்,
ஒற்றைச் சுவரை நடுவில் வைத்து
ஒட்டிப் பிறந்த இரண்டு வீடுகள்.
என் பாதிக்குப் பச்சை அடித்தேன்.
தூரிகை அவள் பாதிக்குள் ஒரு சாண் போய்விட்டது.
தமிழில் திட்டுவதற்கு மட்டும்
சொல் மீதி வைத்திருப்பவள்
வேலியருகே நின்று சொன்னாள்:
"அரைவேக்காடு."
தெருவில் பாதிப் பேருக்குப் பொருள் தெரியாது.
எனக்குத் தெரியும்.

வெறும் தட்டைத் திருப்பித் தரக் கூடாது.
சண்டைக்காரனுக்கும் அதுதான் சட்டம்.

பஸ் டெப்போவில் தாண்டெக்கா சொன்னாள்:
உருளைக்கிழங்கை வெட்டு, கிரீமை ஊற்று,
சீஸைத் தூவு, ஓவனுக்குள் தள்ளு,
சின்னப் பிள்ளைகூடச் செய்யும்.
சின்னப் பிள்ளை செய்யும்.
ஐம்பத்தெட்டு வயது டிரைவர்?

வெட்டிய வட்டங்களில் ஒன்று நாணயம்போல,
அடுத்தது செருப்பின் அடிபோல.
மஞ்சள் பூசணி, காலிஃபிளவர்,
ஐஸ் உதிராத ஒரு பிடிப் பட்டாணி.
வெங்காய சூப் பொட்டலம் கலக்கச் சொல்லியிருந்தாள்.
மூக்குக்கண்ணாடி போட்டுப் பின்பக்கம் படித்தேன்,
மாட்டெலும்புச் சாறு இருக்குமோ என்று.
இருந்தது.
பொட்டலத்தை மூடி வைத்துவிட்டு
இரண்டு வெங்காயம் வதக்கினேன்,
ஒன்று பதமாக, ஒன்று பதம் தப்பி.
கிரீமில் அரைக் கரண்டி
மாமியார் பெயர் போட்ட மிளகாய்த்தூள்.
அது இல்லாவிட்டால் இந்த ஊரில்
எதற்கும் சாப்பாடு என்று பெயர் கிடையாது.
சீஸ் துருவும்போது கட்டைவிரல் உரசியது.
புரட்டாசியாயிற்றே என்று
கையை இழுத்துக்கொண்டேன்.

நூற்றியெண்பது டிகிரி, ஒரு மணி நேரம்.
ஓவன் கதவுக்கு முன் முக்காலி போட்டு
கிரிக்கெட் பார்ப்பதுபோல் உட்கார்ந்தேன்.
ஓரத்தில் முதல் கொப்புளம்.
சீஸுக்கு வேர்த்தது,
மெல்ல உட்கார்ந்தது,
இரண்டு இழை ஒன்றானது.

மணி நான்கு.
டக்.

மின்வெட்டு, நான்காம் நிலை.
அட்டவணை ஃபிரிட்ஜ் கதவிலேயே இருந்தது,
ஒட்டியவனும் நானே.
கத்தியால் குத்திப் பார்த்தேன்.
கிழங்கு கத்தியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.
சுவருக்கு அந்தப் பக்கம்
கோகியின் கேஸ் அடுப்பு இரைவது கேட்டது.

துண்டைச் சுற்றித் தூக்கினேன்.
வாசலுக்கு வாசல் இருபது அடி.
மதில்மேல் ஐந்து குரங்குகள்,
குட்டியை வயிற்றில் மாட்டிய ஒருத்தி
எனக்கு இணையாகவே நடந்தாள்.
கை இரண்டும் தட்டில்.
காலால் உதைத்தால் அது புதுச் சண்டை.
முழங்கையால் தட்டினேன்.

திறந்தாள்.
தட்டைப் பார்த்தாள், சீஸைப் பார்த்தாள்,
கடைசியில் என்னை.
முள்கரண்டி எடுத்து வந்து நடுவில் குத்தினாள்.
அந்தச் சொல் வந்து
எங்கள் இருவருக்கும் இடையே நின்றது.
யாரும் அதைத் தொடவில்லை.

"சூப் பொட்டலம் போட்டாயா?"
"இல்லை."
"உள்ளே வா. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும்."

நாற்பது நிமிஷம்.
அவள் மகன் டர்பன் துறைமுகத்தில் வேலை மாறியதை,
என் முழங்கால் வலியை,
தக்காளி விலையைப் பேசினோம்.
பச்சைச் சுவரை யாரும் பேசவில்லை.
அவள் அடுப்பங்கரை ஜன்னலில் அது நன்றாகத் தெரிந்தது.
தட்டு வெளியே வந்ததும்
கருகி மொறுமொறுத்த மூலை யாருக்கு என்பதில்
கொஞ்சம் குரல் உயர்ந்தது.
தட்டுக்குரியவள் எடுத்துக்கொண்டாள்.

ஆறரைக்கு விளக்கு வந்தது.
சுவருக்கு அப்பால் ஏதோ ஒன்று
மெதுவாக உறுமத் தொடங்கியது.
கோகி மெல்லுவதை நிறுத்தினாள்.
"உன் ஓவனை அணைத்தாயா?"

எழுந்து ஓடினேன்.
இருபது அடியும்
அந்தச் சொல் என் பின்னாலேயே வந்தது.